நம்ம ஊரில் யார் யார் வாழ்கிறார்கள்? வட ஆற்காட்டுக் கிராமத்தின் மக்கள் அமைப்பைக் கண்டறிய முழுமையான வழிகாட்டி

ஒரு சின்ன கிராமத்தில் எந்தச் சமூகத்தார் எத்தனை பேர், என்ன மொழி பேசுகிறார்கள், என்ன மதம் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் நிறைய. ஊர் வரலாறு எழுதும் இளைஞர்கள், ஆய்வுக் கட்டுரைக்காக அலையும் கல்லூரி மாணவர்கள், புதிதாக ஜெயித்த வார்டு உறுப்பினர், பழங்குடி மக்களுக்காக வேலை செய்கிறவர்கள், எல்லோருக்கும் இது தேவைப்படுகிறது. அமெரிக்காவில் முன்னூறு பேர் வாழும் ஊரானாலும் பெயரைத் தேடினால் வெள்ளையர் இத்தனை சதவீதம், கறுப்பினத்தவர் இத்தனை, பூர்வகுடிகள் இத்தனை என்று வந்துவிடும், ஏனென்றால் அங்கே கணக்கெடுப்புப் படிவத்திலேயே ஒவ்வொருவரும் தன் இனம் எது என்று தானே குறித்துக் கொடுக்கிறார். நமக்கு அப்படி ஒரே இடத்தில் கிடைக்கும் அட்டவணை கிடையாது. வெள்ளைக்காரர் காலத்தில் எட்கர் தர்ஸ்டன் மாதிரி ஆட்கள் மூக்கையும் மண்டையையும் அளந்து இனம் பிரித்தார்கள். அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். நம் ஊர்களில் மக்கள் அமைப்பு என்றால் சாதி, பழங்குடி, மொழி, மதம், எங்கிருந்து வந்து குடியேறினார்கள் என்பது, இவ்வளவும் சேர்ந்ததுதான்.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று பிரிந்து கிடக்கும் பழைய வட ஆற்காட்டை வைத்தே எழுதுகிறேன். நான் அடித்துச் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: ஊரின் நடுவிலிருந்து எண்ணத் தொடங்காதீர்கள், ஓரத்திலிருந்து தொடங்குங்கள். கோயில் தெருவில் இருப்பவர்களை எந்தக் கணக்கும் விடுவதில்லை. ஏரிக்கரை ஓரம் நாலு குடிசை போட்டிருப்பவர்களைத்தான் எல்லாக் கணக்கும் விடுகிறது.

முதல் வேலை: 'ஊர்' எது என்று முடிவு செய்யுங்கள்

இதைச் செய்யாமல் எண்களைத் தேடப் போனால் கடைசி வரை குழப்பம்தான். வருவாய்த் துறைக்கு ஒரு கிராமம் உண்டு, அதற்கு வி.ஏ.ஓ. இருப்பார். ஊரக வளர்ச்சித் துறைக்கு ஊராட்சி உண்டு, அதற்குத் தலைவரும் செயலரும். ஊராட்சிக்குள்ளே குக்கிராமங்கள் இருக்கும். இந்த மூன்றின் எல்லையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. ஒரு வருவாய்க் கிராமத்துக்குள் பெரிய ஊர், காலனி, மேட்டுத்தெரு, ஒரு கிலோமீட்டர் தள்ளி கொல்லைமேட்டில் பத்து வீடு எல்லாம் அடங்கியிருக்கலாம். சென்சஸ் பின்பற்றுவது வருவாய்க் கிராமத்தை. ஊர்க்காரர்கள் 'எங்க ஊரு' என்று சொல்வது பெரும்பாலும் தன் குக்கிராமத்தை மட்டும்.

ஆகவே வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் குக்கிராமப் பட்டியலை வாங்குங்கள். வாய்வார்த்தையாகக் கேட்டுத் தரவில்லை என்றால் பத்து ரூபாய் கட்டி ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமை) மனு போடுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும். பட்டியல் வந்ததும் ஒரு வெள்ளைத் தாளில் வருவாய்க் கிராம எல்லையைப் போட்டு, உள்ளே குக்கிராமங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பட்டியலில் இல்லாத குடியிருப்பு ஏதாவது கண்ணில் பட்டால் அதைச் சிவப்பு மையில் குறியுங்கள். இனி வரும் வேலையில் பாதி அந்தச் சிவப்புக் குறிகளைச் சுற்றித்தான்.

சென்சஸ் எண்களை எடுப்பதும், அவை மறைப்பதைக் கண்டுபிடிப்பதும்

2011 கணக்கெடுப்பின் முதன்மைச் சுருக்கம் கிராம வாரியாக இலவசமாகவே கிடைக்கிறது, எக்செல் கோப்பாகவே இறக்கிக்கொள்ளலாம். வீடுகள், மக்கள்தொகை, ஆண் பெண், ஆறு வயதுக்குட்பட்டவர்கள், எஸ்.சி., எஸ்.டி., எழுத்தறிவு, அப்புறம் சொந்த நிலத்தில் பயிர் செய்கிறவர்கள், விவசாயக் கூலிகள், வீட்டுத் தொழில் செய்கிறவர்கள், மற்ற வேலை செய்கிறவர்கள். கிராம அளவில் அவ்வளவுதான்.

தேடும்போது ஒரு சிக்கல் வரும். 2011இல் ராணிப்பேட்டை மாவட்டமோ திருப்பத்தூர் மாவட்டமோ இல்லை, இரண்டும் 2019இல் பிரிந்தவை. அன்றைய வேலூர் மாவட்டத்தில் எட்டு வட்டங்கள்தான்: அரக்கோணம், ஆற்காடு, குடியாத்தம், காட்பாடி, திருப்பத்தூர், வாணியம்பாடி, வேலூர், வாலாஜா. உங்கள் ஊர் இன்றைக்கு ஆம்பூர் வட்டம் என்றால் வாணியம்பாடியில் தேடுங்கள், பேரணாம்பட்டு என்றால் குடியாத்தத்தில், நெமிலி என்றால் அரக்கோணத்தில், அணைக்கட்டு என்றால் வேலூரில். ஆரணி, போளூர், செய்யாறு, வந்தவாசிப் பக்கம் 1989இலேயே திருவண்ணாமலையோடு போய்விட்டது.

சரி, எண் கிடைத்தது. ஒரு பேச்சுக்கு மக்கள்தொகை 1,200, எஸ்.சி. 400, எஸ்.டி. 0 என்று வைத்துக்கொள்வோம். இதைப் பார்த்து 'மூன்றில் ஒரு பங்கு தலித் மக்கள், பழங்குடிகள் இல்லை, மீதி எல்லாம் மற்றவர்கள்' என்று எழுதிவிடுவார்கள். அதில் மூன்று தவறு ஒளிந்திருக்கலாம்.

முதலாவது, எஸ்.சி. கணக்கில் இந்து, சீக்கியர், பௌத்தர் மட்டுமே வருவார்கள். 1950இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை அப்படி. சீக்கியர்களை 1956இலும் பௌத்தர்களை 1990இலும்தான் சேர்த்தார்கள், கிறிஸ்தவர்கள் இன்று வரை இல்லை. இது மற்ற மாவட்டத்தைவிட நமக்கு முக்கியம். 1853இல் ஸ்கட்டர் குடும்பத்தார் தொடங்கிய அமெரிக்க ஆற்காடு மிஷன் இந்தப் பக்கத்துச் சேரிகளில்தான் அதிகம் வேலை செய்தது. கத்தோலிக்கப் பங்குகளும் நிறைய. ஆகவே காலனியில் ஒரு சர்ச் இருந்து, அங்கே வீட்டுக்கு வீடு தாங்கள் கிறிஸ்தவர் என்று சொல்லியிருந்தால், அத்தனை பேரும் உங்கள் அட்டவணையில் 'மற்றவர்கள்' பக்கம் போயிருப்பார்கள். தெருவும் அதே தெரு, அவர்கள் சந்திக்கும் தீண்டாமையும் அதே தீண்டாமை, கணக்கில் மட்டும் ஆள் மாறிவிடுகிறார்கள். அதே தெருவில் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்க்கொண்டே சான்றிதழில் இந்து ஆதிதிராவிடர் என்று வைத்திருப்பவர்களும் உண்டு. பிள்ளையின் படிப்பும் வேலையும் அந்தத் தாளை நம்பி இருக்கும்போது அது அவர்கள் எடுக்கும் முடிவு. நீங்கள் அதைத் துருவ வேண்டாம்.

இரண்டாவது, எஸ்.டி. பூஜ்யம் என்றால் பழங்குடிகள் இல்லை என்று பொருளில்லை. நரிக்குறவர், குருவிக்காரர் சமூகத்தார் தமிழ்நாட்டின் எஸ்.டி. பட்டியலில் சேர்ந்ததே 2023இல்தான், 2011இல் அவர்கள் மிகவும் பிற்படுத்தப்பட்டோர். இருளர்கள் பட்டியலில் இருந்தும் பல இடத்தில் எண்ணப்படாமல் போயிருப்பார்கள், அதைப் பற்றிக் கீழே விரிவாக வருகிறேன். மலையாளிகள் பட்டியலில் வட ஆற்காடு மாவட்டம் என்று பெயர் குறிப்பிட்டே சேர்க்கப்பட்டவர்கள். ஜவ்வாது மலையிலும் ஏலகிரியிலும் இருக்கும் தமிழ் பேசும் பழங்குடிகள் அவர்கள், கேரளத்துக்காரர்கள் இல்லை. பீஞ்சமந்தை, புதூர்நாடு பக்கம் போனால் கிராமம் முழுக்க அவர்களே இருப்பார்கள், அந்த ஊர்களுக்கு எஸ்.டி. எண்ணே பெரும்பாலும் முழு விடையாகிவிடும்.

மூன்றாவது, அந்த 'மற்றவர்கள்' 800 பேர். அதற்குள் வன்னியர், அகமுடைய முதலியார், செங்குந்தர், யாதவர், நாயுடு, ரெட்டியார், முஸ்லிம்கள், வண்ணார், மருத்துவர், ஆசாரி, குயவர் என்று யார் வேண்டுமானாலும் இருக்கலாம். சென்சஸ் இதைப் பிரித்துத் தராது. 1951 முதல் எஸ்.சி., எஸ்.டி. தவிர்த்த சாதிகளைத் தொகுப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க மாவட்ட எண்களைப் பக்கத்தில் எழுதி வையுங்கள். 2011இல் வேலூர் மாவட்ட மக்கள்தொகை 39,36,331, அதில் எஸ்.சி. சுமார் 21.85 சதவீதம், எஸ்.டி. 1.85 சதவீதம். மாநிலம் முழுக்க எஸ்.சி. 20 சதவீதம், எஸ்.டி. 1.1 சதவீதம். உங்கள் ஊர் இதிலிருந்து ரொம்ப விலகி நின்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், அதைத் தேடுங்கள்.

பழைய சென்சஸ் கையேடுகளையும் விடாதீர்கள். 1961 முதல் ஒவ்வொரு பத்தாண்டுக்கும் கிராம வாரி எண் கிடைக்கிறது. ஊரில் தொழிற்சாலை வராமலே, பெரிய சாவு நோவு இல்லாமலே ஒரு பத்தாண்டில் எஸ்.சி. எண்ணிக்கை திடீரென்று பாதியானால், ஒன்று எல்லை மாறியிருக்கும், இல்லை மதம் எழுதுவது மாறியிருக்கும், இல்லை பிழைப்புக்காக மொத்தமாகக் கிளம்பியிருப்பார்கள். இந்த மூன்றில் எது என்று ஊர்ப் பெரியவர்களால்தான் சொல்ல முடியும்.

மதம், தாய்மொழி இரண்டும் மாவட்டம், வட்டம், நகரம் என்ற அளவில்தான் வெளியாகின்றன. வட்டத்தின் சதவீதத்தை எடுத்து ஊரின் மக்கள்தொகையில் பெருக்கிப் போடும் பழக்கம் இருக்கிறது, தயவுசெய்து செய்யாதீர்கள். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் நகரங்களில் முஸ்லிம்கள் பெருவாரியாக இருப்பதால் வட்டத்தின் எண் உயர்ந்திருக்கும். அஞ்சு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கிராமத்தில் ஒரு முஸ்லிம் வீடு கூட இல்லாமல் போகலாம்.

பழைய நூல்கள்

நிறைய பேர் '1931 சென்சஸில் எங்க ஊர் சாதிக் கணக்கு இருக்கு' என்பார்கள். அதில் அச்சானது மாவட்ட அளவிலான சாதிக் கணக்கு, கிராம வாரியாக இல்லை. ஆர்தர் காக்ஸ் 1881இல் எழுதி, ஸ்டூவர்ட் திருத்தி 1895இல் வந்த வட ஆற்காடு மாவட்டக் கையேட்டில் தாலுகா வாரியாக யார் அதிகம், என்ன தொழில் என்று விரிவாக இருக்கிறது. அன்றைக்கு மாவட்டத் தலைநகரே சித்தூர், 1911க்குப் பிறகுதான் வேலூர், ஆகவே இன்றைய ஆந்திரப் பகுதியும் அதில் கலந்திருக்கும். இடம், தொழில், குடியேற்றம் பற்றிய தகவல்களுக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். சமூகங்களின் குணம் இப்படி அப்படி என்று துரைமார்கள் எழுதி வைத்த வரிகளை ஒன்றைக் கூட உங்கள் எழுத்துக்குள் கொண்டுவராதீர்கள்.

செய்யாறு பக்கத்துத் தூசி கிராமத்துக்காரர்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916 வாக்கில் மாணவர்களை வைத்து ஆராய்ந்த ஊர்களில் அதுவும் ஒன்று, 1937இல் மறுபடியும் ஆராய்ந்தார்கள். இப்படி உங்கள் ஊரையோ பக்கத்து ஊரையோ யாராவது ஆராய்ந்திருக்கிறார்களா என்று ஒரு முறை தேடிப் பார்ப்பது நல்லது.

ஏ-ரிஜிஸ்டரைப் படியுங்கள்

கிராமத்தின் இந்த நிலப் பதிவேட்டை யாரும் மக்கள் அமைப்புக்காகப் பார்ப்பதில்லை. எனக்குத் தெரிந்து இதைவிட உண்மை பேசும் ஆவணம் ஊரில் வேறு இல்லை. நில அளவை எண் வாரியாக நஞ்சையா, புஞ்சையா, புறம்போக்கா, எவ்வளவு பரப்பு, பட்டா யார் பேரில் என்று வரிசையாக இருக்கும். கடைசிக் கலம் குறிப்புரை. அந்தக் கலத்தை மட்டும் மேலிருந்து கீழே விரல் வைத்துப் படித்துக்கொண்டே போங்கள். ஏரி, வாய்க்கால், வண்டிப்பாதை, களம், மேய்க்கால், கிராம நத்தம் (குடியிருப்பு நிலம்) என்று வரும். நடுவே சுடுகாடு என்று ஒன்று வரும், கொஞ்ச தூரம் போனால் இன்னொரு சுடுகாடு, இடுகாடு, கபர்ஸ்தான், கல்லறை. ஊரில் எத்தனை மயானம் இருக்கிறது என்று எண்ணுங்கள். வாழும்போது தனித்தனியாக நடத்தப்படும் கூட்டங்கள் எத்தனை என்று அந்த எண் சொல்லிவிடும். ஒரு காலத்தில் முஸ்லிம்கள் இருந்து இப்போது யாருமில்லாத ஊரிலும் கபர்ஸ்தான் ரெஜிஸ்டரில் நிற்கும்.

நத்தமும் அப்படித்தான். பழைய செட்டில்மெண்ட் பதிவிலும் கிராம வரைபடத்திலும் ஊர் நத்தம் தனி, சேரி நத்தம் தனி. இரண்டுக்கும் நடுவே என்ன இருக்கிறது என்று பாருங்கள், வாய்க்காலா, வயலா, ரோடா. மயானத்துக்குப் போகும் பாதை யார் பட்டா வழியாகப் போகிறது என்றும் பாருங்கள். 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் தலித் ஒருவரின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிப் பாலாற்றில் இறக்கினார்களே, பாதை மறிக்கப்பட்டதால் நடந்தது அது, உயர் நீதிமன்றமே தானாக முன்வந்து விசாரித்தது. யார் எத்தனை சதவீதம் என்ற கணக்கில் இதெல்லாம் வராது. ஆனால் இது தெரியாமல் அந்த ஊரின் மக்கள் அமைப்பைப் பற்றி எழுதுவதில் பொருளில்லை.

பஞ்சமி நிலம் என்று குறிப்புரையில் இருந்தால் தனியாக எடுத்து எழுதுங்கள். செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமன்ஹீர் அனுப்பிய அறிக்கையின் பேரில் 1892இல் வந்த ஆணைப்படி ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிபந்தனையோடு கொடுத்த நிலம் அது. நிலம் இருக்கிறது, இன்றைக்கு அங்கே அவர்கள் இல்லை என்றால், ஒரு குடும்பக் கூட்டம் ஊரை விட்டுப் போன கதை அதற்குள் இருக்க வாய்ப்புண்டு.

இன்னொன்று. காலனி என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து எடுக்கப்போவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டசபையில் அறிவித்தார். நல்ல முடிவு. ஆனால் பெயர் மாறும் தெருக்களின் பழைய பெயரையும் புதிய பெயரையும் இப்போதே ஒரு பட்டியலாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பழைய ஆவணத்தையும் புதியதையும் பொருத்தவே முடியாது.

நடந்து பாருங்கள், காது கொடுங்கள்

காகித வேலை முடிந்ததும் ஊருக்குள் போங்கள். சாயங்காலம் வேலைக்குப் போனவர்கள் திரும்பும் நேரம் நல்லது. வீட்டில் பேசும் மொழியைக் கேட்டாலே பாதி விளங்கிவிடும். குடியாத்தம், பேரணாம்பட்டு, காட்பாடி, அரக்கோணம் பக்கம் ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர்களில் தெலுங்கு சாதாரணம். விஜயநகரக் காலத்திலிருந்தே வந்து குடியேறிய நாயுடு, ரெட்டியார் வீடுகளில் அப்பாவை நைனா என்று கூப்பிடுவார்கள். தெலுங்கு பேசினால் நாயுடு என்று முடிவுகட்ட வேண்டாம், போயர், தேவாங்கர், அருந்ததியர், மாதிகர் வீடுகளிலும் தெலுங்கு கேட்கும், தேவாங்கரில் கன்னடக்காரர்களும் உண்டு. உருதுவும் அதே மாதிரி. பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலேயே லெப்பை என்று எழுதி 'அவர்கள் பேசும் மொழி தமிழானாலும் உருதுவானாலும்' என்று சேர்த்திருக்கிறார்கள். அந்த வரி நம்ம வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கத்துக்கு அப்படியே பொருந்தும். தக்கனி முஸ்லிம், ஷேக், சையது என்று தனித்தனிப் பிரிவுகளும் அதே பட்டியலில் இருக்கின்றன, முஸ்லிம்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள்.

பட்டப்பெயரை நம்பி ஏமாறுகிறவர்கள் அதிகம். கவுண்டர் என்றால் கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆட்கள் நினைப்பது வேறு. இங்கே திருப்பத்தூர், திருவண்ணாமலைப் பக்கம் வன்னியர் கவுண்டர், ஜவ்வாது மலையில் மலையாளி கவுண்டர். வேலூர், ஆற்காட்டுப் பக்கம் அதே வன்னியருக்கு நாயக்கர். முதலியார் என்று அகமுடையாரும் போடுவார்கள், தறி நெய்யும் செங்குந்தரும் போடுவார்கள். நயினார் என்றால் ஆரணி, வந்தவாசிப் பக்கம் தமிழ்ச் சமணராக இருக்கலாம், போளூர் திருமலையைச் சுற்றிய சமண மரபு இன்னும் உயிரோடு இருக்கிறது. பட்டப்பெயரைக் கேட்டதும் எழுதாமல், 'பொண்ணு எந்த ஊர்ல எடுத்தீங்க, குலசாமி எங்க' என்று பேச்சோடு பேச்சாக விசாரித்தால் தெளிவாகும்.

கோயில்களைத் தனியாக ஒரு நாள் பாருங்கள். திரௌபதி அம்மன் கோயில், அக்னி வசந்த விழா, பாரதக் கூத்து இருக்கும் ஊர்களில் வன்னியர் பலமாக இருப்பது வழக்கம், ஆனாலும் உற்சவத்துக்கு மண்டகப்படி யார் யாருக்கு என்று கேளுங்கள், எந்தெந்தச் சமூகம் அந்த ஊரில் இருக்கிறது, எது வரவே கூடாது என்று வைத்திருக்கிறார்கள் என்பது இரண்டும் சேர்ந்தே வெளிவரும். சௌடேஸ்வரி கோயில் தேவாங்கருக்கு, கன்னிகா பரமேஸ்வரி ஆரிய வைசியருக்கு, வேப்பமரத்தடியில் ஏழு கல் நட்டுக் கன்னிமார் என்று கும்பிட்டால் இருளர் பக்கத்தில் இருக்கிறார்களா என்று பாருங்கள். ஊர்ப் பெயரில் அக்ரகாரம் இருந்தும் இன்று பிராமணர் வீடு ஒன்று கூட இல்லாத கிராமங்கள் பாலாற்றுக் கரையில் ஏராளம். காட்பாடிக்கு வடக்கே வள்ளிமலையில் கங்க மன்னன் ராஜமல்லன் காலத்துச் சமணச் சிற்பங்கள் மலை மேல் இருக்கின்றன, இன்று கூட்டம் போவது முருகனுக்கு. இப்போது இருப்பவர்களை எழுதும்போது ஒரு காலத்தில் இருந்தவர்களையும் ஒரு பத்தியாவது எழுதுங்கள்.

யாரிடம், எப்படிக் கேட்பது

டீக்கடையில் நின்று 'இங்க எத்தனை சாதி' என்று கேட்காதீர்கள். கேட்டால் இரண்டு விஷயம் நடக்கும், ஊரில் ஆதிக்கம் உள்ளவர் சத்தமாகப் பதில் சொல்வார், மற்றவர்கள் எழுந்து போய்விடுவார்கள். ஒவ்வொரு குடியிருப்பையும் பற்றி அந்தக் குடியிருப்பில் இருப்பவரிடமே கேட்க வேண்டும். ஊர்த் தெருவில் உட்கார்ந்து காலனியின் கணக்கை வாங்கி எழுதுவது கணக்கே கிடையாது.

எனக்குத் தெரிந்து நன்றாகப் பலன் தரும் வழி, வயதான பெண்களிடம் போவது. குடியாத்தம் பக்கம் ஒரு கிராமத்தில் திண்ணையில் புளி தட்டிக்கொண்டிருந்த ஆயாவிடம் 'ஆயா, இந்தத் தெருவுல முதல் ஊடு யாருது' என்று மட்டும்தான் கேட்டேன். தலையைக் கூட நிமிர்த்தாமல் ஒவ்வொரு வீடாகச் சொல்லிக்கொண்டே போனார்கள், யார் பெண் எங்கே வாழப் போனாள், யார் பெங்களூர் போய் வீடு பூட்டிக் கிடக்கிறது, எந்த வீடு முன்னே சலவைக்காரர் வீடு, அவர்கள் ஏன் டவுனுக்குப் போனார்கள் என்று. 'இன்னாத்துக்குப்பா இதெல்லாம் எழுதற' என்று கேட்டபோது ஒளிக்காமல் சொல்ல வேண்டியிருந்தது, சொன்னதும் விட்டுப்போன ரெண்டு வீட்டை அவர்களே கூப்பிட்டுச் சேர்த்தார்கள். எதற்காக எழுதுகிறீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அங்கன்வாடிப் பணியாளரிடமும் கிராம செவிலியரிடமும் வீடு வாரியாகப் பதிவேடு இருக்கும். அதைக் காட்டச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள், பெயர் இல்லாமல் மொத்த எண் மட்டும் கேளுங்கள், அதுவும் மேலதிகாரி அனுமதியோடு. வாக்காளர் பட்டியல் வீட்டு எண்ணிக்கையைச் சரிபார்க்க உதவும். பெயரைப் பார்த்துச் சாதியை ஊகிக்கும் வேலை மட்டும் வேண்டாம்.

ஓரத்தில் இருப்பவர்கள்

முதலில் இருளர். ஏரிக்கரை, ஆற்றோரம், மலையடிவாரம், இல்லையென்றால் யாராவது ஒருவரின் கொல்லையில் குடிசை. மரம் வெட்டும் இடத்திலும் அரிசி ஆலையிலும் செங்கல் சூளையிலும் முன்பணத்துக்குக் கட்டுண்டு குடும்பத்தோடு கிடந்தவர்களை இந்த மாவட்டத்தில் எத்தனையோ முறை மீட்டிருக்கிறார்கள், 1976இலேயே கொத்தடிமை முறையை ஒழித்துச் சட்டம் வந்த பிறகும். 2011இல் ஆட்களை எண்ணியது பிப்ரவரி 9 முதல் 28 வரை. அந்தச் சமயத்தில் குடிசையைச் சாத்திவிட்டு வேலைக்குப் போயிருந்தால், அங்கேயும் கணக்கில் வராமல், இங்கேயும் வராமல் போக எல்லா வாய்ப்பும் உண்டு. சாதிச் சான்றிதழும் எஸ்.டி.க்குத் தாசில்தார் தர முடியாது, ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) தர வேண்டும், அதற்கு நடக்கத் தெம்பில்லாத குடும்பங்கள் ஏராளம். ஆகவே சான்றிதழ் இருக்கிறதா என்று பார்த்து எண்ணாதீர்கள், அவர்கள் தங்களை யார் என்று சொல்கிறார்களோ அப்படியே எழுதி, சான்றிதழ் உள்ளவர் எத்தனை பேர் என்பதைத் தனிக் கலத்தில் போடுங்கள். சான்றிதழ் கேட்டு வருஷக்கணக்காகக் காத்திருக்கும் குருமன்ஸ் பழங்குடி மக்களுக்கும் இதே முறைதான் நியாயம்.

அடுத்தது புதிரை வண்ணார். காலனிக்குள்ளேயும் ஓரமாக ஒன்றிரண்டு வீடு இருக்கும். தலித் மக்களுக்குத் துணி வெளுத்தவர்கள், அவர்களும் பட்டியல் சாதிதான். 'காலனியில எல்லாரும் ஆதிதிராவிடர்' என்று சொல்லும்போது விட்டுப்போவது இந்த வீடுகள். ஊர்த் தெருப் பக்கமும் வண்ணார், மருத்துவர் குடும்பங்கள் ஒன்றோ ரெண்டோதான், அவர்களையும் பெயர் சொல்லிக் கேட்டால்தான் வெளிவரும்.

அப்புறம் புதிதாக வந்தவர்கள். கோழிப்பண்ணை, செங்கல் சூளை, தோல் தொழிற்சாலை, ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் வட மாநிலத் தொழிலாளர்கள் தங்கியிருக்கும் கொட்டகைகள். அவர்களை ஊர்க்காரர் யாரும் ஊர்க் கணக்கில் சேர்த்துச் சொல்ல மாட்டார்கள். எந்த மாநிலம், எத்தனை மாதமாக, குடும்பத்தோடா தனியாகவா என்று எழுதுங்கள். மேல்மொணவூர் மாதிரி இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் உள்ள பகுதியானால் அதற்கும் தனி வரி வேண்டும், பல வருஷங்களாக இங்கேயே வாழ்கிறவர்கள் அவர்கள்.

எழுதும்போது

ஒரே சதவீத வட்டப்படம் போட்டு முடிக்காதீர்கள். குடியிருப்பு வாரியாக எழுதுங்கள்: எத்தனை வீடு, யார், வீட்டு மொழி, வழிபாடு, எப்போதிருந்து, நிலம் உண்டா, இந்தத் தகவல் ஆவணத்திலிருந்தா வாய்மொழியா. சரியாகத் தெரியாத எண்ணை 'நாற்பது ஐம்பது வீடு' என்றே எழுதலாம், 43 என்று போட்டுத் துல்லியம் காட்ட வேண்டாம். ஒரு சமூகத்தார் ஒன்றிரண்டு வீடு மட்டும் என்றால் வெளியே விடும் பிரதியில் தெருவைச் சொல்லாதீர்கள், அந்த வீட்டை அடையாளம் காட்டியதாகிவிடும். வீட்டுக்காரர் பெயரோடு சாதிப் பட்டியல் எந்தக் காரணத்துக்காகவும் வெளியே போகக் கூடாது. தேர்தல் சமயத்தில் அதை விலை கொடுத்து வாங்க ஆள் வரும். ஒவ்வொரு சமூகத்தையும் அவர்கள் எந்தப் பெயரால் அழைக்கப்பட விரும்புகிறார்களோ அந்தப் பெயரில் எழுதுங்கள். வரைவு முடிந்ததும் ஒவ்வொரு குடியிருப்பிலும் அவர்களைப் பற்றிய பகுதியை அவர்களிடமே வாசித்துக் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள், மொத்தத்தையும் கிராம சபையில் வைத்து வாசிக்கப் போகாதீர்கள், அது சண்டையில்தான் முடியும்.

ஒரு அவசர வேலையும் இருக்கிறது. அடுத்த சென்சஸில் எல்லாச் சாதிகளையும் கேட்பதென்று 2025 ஏப்ரல் 30 அன்று மத்திய அமைச்சரவையின் அரசியல் விவகாரக் குழு முடிவெடுத்தது, சென்சஸில் எல்லாச் சாதிகளின் கணக்கும் கடைசியாக வெளியானது 1931இல்தான். கணக்குத் தேதி 2027 மார்ச் 1. நீங்கள் சிவப்பு மையில் குறித்து வைத்த குடியிருப்புகளை, அதாவது எந்தப் பட்டியலிலும் இல்லாத ஏரிக்கரைக் குடிசைகள், சூளைக் கொட்டகைகள், கொல்லைமேட்டு வீடுகள் எல்லாவற்றையும், வழியோடும் வீட்டு எண்ணிக்கையோடும் ஒரு பக்கத்தில் எழுதி வி.ஏ.ஓ.விடமும் தாசில்தார் அலுவலகத்திலும் கொடுத்து, கொடுத்ததற்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். கணக்கெடுப்பாளர் ஊருக்கு வரும் நாளில் யாராவது ஒருவர் கூடவே நடந்து அந்த வீடுகளைக் காட்டுங்கள். வேலைக்கு வெளியூர் போகும் குடும்பங்களிடம் எந்தத் தேதியில் எங்கே இருப்பார்கள் என்று ஜனவரியிலேயே கேட்டு வையுங்கள்.